சிற்றிலும் சிறு மருத்துவமனையும்

சென்ற பொங்கல் விழா நாளன்று, நம் சங்க மண்டபத்தின் வாயிலில் ஓர் அன்னையார் என்னைத் தனியே அழைத்து நிறுத்தினார். அவருடைய நான்கு வயது மகன், நான் பணியாற்றும் பால்வாடியில் பயில்கிறான். “டீச்சர், தப்பாக நினைக்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ‘இன்றைக்கு என்ன படித்தாய்?’ என்று கேட்டால், ‘நான்தான் டாக்டர்; ஆறு பேருக்கு ஊசி போட்டேன்’ என்கிறான். மறுநாள் கேட்டால், ‘இன்றைக்கு நான் நோயாளி’ என்கிறான். இவன் எழுத்துப் படிப்பது எப்போது?” என்றார்.

கேள்வியில் குற்றம் ஒன்றும் இல்லை. பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்து, பத்தடி அறையில் குடும்பம் நடத்தி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய் எழுத்தை எதிர்பார்ப்பது இயல்பே. நான் மறுமொழி சொல்வதற்குள் மேடையில் இறைவணக்கம் தொடங்கிவிட்டது. “நம் இதழில் விரிவாக எழுதுகிறேன், அம்மா” என்று சொல்லி உள்ளே சென்றேன். அன்று கொடுத்த வாக்கின் பயனே இக்கட்டுரை.

நான் நெல்லைச் சீமையிலிருந்து திருமணமாகி இந்நகருக்கு வந்தது 1988ஆம் ஆண்டில். அப்பொழுது இதற்குப் பம்பாய் என்றே பெயர். 1994 முதல் பால்வாடி ஆசிரியையாக இருந்து வருகிறேன். ஒரே அறை, ஒரு சன்னல், மழைக்காலத்தில் வாயிற்படி வரை தண்ணீர். ஆண்டுதோறும் இருபத்தைந்து முப்பது குழந்தைகள். பெரும்பாலோர் தமிழ்க் குழந்தைகள். மராத்தியும் இந்தியும் தெலுங்கும் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இத்தனை ஆண்டுகளில் நான் கற்பித்தவை சில. அவர்களிடம் நான் கற்றவை பல. கற்றவற்றுள் ஒன்றை, என் பிழையிலிருந்தே தொடங்கிச் சொல்லுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஒரு சிறுவன் டாக்டர் விளையாட்டு விளையாடி, கூரான பென்சிலால் மற்றொரு குழந்தையின் கையில் ‘ஊசி’ போட்டுவிட்டான். சிறு கீறல்தான், ஆயினும் இரத்தம் கசிந்தது. மாலையில் குழந்தையின் தந்தையார் வந்து சத்தமிட்டார். அன்றோடு அந்த விளையாட்டை வகுப்பில் தடை செய்தேன். குழந்தைகள் இருவர் மூவர் மூலையில் கூடிக் கையை நீட்டிக்கொண்டு அமர்ந்தாலே, “என்ன அங்கே? எழுந்து வாருங்கள்!” என்று அதட்டுவேன். ஒழுங்கு நிலைநாட்டியதாக எனக்குப் பெருமை.

சில ஆண்டுகள் கழித்து ஆசிரியையருக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் இந்நிகழ்ச்சியைச் சொன்னேன். வகுப்பை நடத்திய மராத்திய மூதாட்டியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஊசி போடுவதற்கு முன் அந்தப் பையன் என்ன பேசினான்?” என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. நான் பென்சிலைப் பார்த்தேனே ஒழியப் பிள்ளையைப் பார்க்கவில்லை. ஏழெட்டு நாள் முன்பு அவன் தாய்க்கு ஏதோ சிகிச்சை நடந்தது என்று யாரோ சொன்னது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. அவன் அன்று எதைச் சொல்ல முற்பட்டான் என்பதை நான் இனி ஒருபோதும் அறிய இயலாது.

நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பால் பிள்ளைத்தமிழுக்குச் சிற்றில் பருவம் என ஒரு பருவம் உண்டு. சிறுமியர் தெருமணலில் வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் காலால் அதைச் சிதைக்க வருவான். ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று அவர்கள் வேண்டுவர். அந்த வேண்டுகோளுக்காக ஒரு பருவத்தையே ஒதுக்கிய மரபு நம்முடையது. அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவள் நான். ஆயினும் கண்முன் கட்டப்பட்ட சிற்றிலைக் காலால் எற்றியவளும் நானே.

குழந்தைக் கல்வியில் இம்மேற்குக் கரை பழம்பெருமை உடையது. கிஜுபாய் பதேகா என்பவர் வழக்கறிஞர் தொழிலை விட்டு, 1920ஆம் ஆண்டில் பாவநகரில் பால மந்திரம் நிறுவினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் அன்றைய தாணே மாவட்டத்துப் போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் பால்வாடி தொடங்கினார். அவரும் அவருடைய மாணவியார் அனுதாய் வாக் அம்மையாரும் பின்னர்க் கோஸ்பாட் மலைப்பகுதியில் பழங்குடிக் குழந்தைகளிடையே பல்லாண்டு உழைத்தனர். விலையுயர்ந்த கருவிகளை எதிர்பாராமல், இலையும் காயும் கூழாங்கல்லும் கொண்டே கற்பிக்கலாம் என்பது அவர்கள் காட்டிய வழி. நாம் இன்று வாயாரச் சொல்லும் ‘பால்வாடி’ என்னும் சொல்லையே பரப்பியவர்கள் அவர்கள்.

பாவனை விளையாட்டைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1907இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், 1939இல் சென்னைக்கு வந்து, உலகப்போர் காரணமாக 1946 வரை நம் நாட்டிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தவர். அவர் பாவனை விளையாட்டைப் பெரிதும் போற்றியவர் அல்லர். பொய்ச் சோறு ஆக்குவதைவிட மெய்யாகவே காய் நறுக்கக் கற்பதையே குழந்தை விரும்பும் என்பது அவர் கண்டது. ரஷ்ய நாட்டு உளநூல் அறிஞர் வைகோத்ஸ்கியோ 1933இல் நிகழ்த்திய சொற்பொழிவில் வேறொன்றை எடுத்துக் காட்டினார். பாவனை விளையாட்டு கட்டற்றது போலத் தோன்றினும் அதனுள் விதி உண்டு. அந்த விதிக்குக் குழந்தை தானே விரும்பி அடங்குகிறது என்றார் அவர். இரண்டும் மெய்யே. என் வகுப்பில் ஒரு நிமிடம் கூட அசையாமல் உட்கார மாட்டாத பையன், நோயாளியாகப் படுத்தால் பத்து நிமிடம் கண்ணை மூடிக் கிடக்கிறான். “சும்மா இரு” என்று நான் நூறு முறை சொன்னால் நடவாதது, “நீ நோயாளி” என்ற ஒரு சொல்லால் நடக்கிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022இல் வெளிவந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டமும், மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டையே கல்வியின் வழியாகக் கொள்ளுமாறு கூறுகின்றன.

எங்கள் சிறு மருத்துவமனையைச் சற்றுச் சுற்றிக் காட்டுகிறேன். சன்னலோரத்தில் ஒரு பாய். அதுவே கட்டில். ஒரு முக்காலி. அதுவே டாக்டர் மேசை. பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிய கட்டுத்துணி, காலி மருந்து அட்டைப் பெட்டிகள், எண் எழுதிய டோக்கன் அட்டைகள், ஒருபக்கம் வெள்ளையாக உள்ள தாள்கள், ஒரு பென்சில் துண்டு. ஊசிக்குப் பதிலாக ஐஸ்கிரீம் குச்சி. கூரான பொருள் எதுவும் இல்லை. காகிதத்தைச் சுருட்டினால் இதயம் கேட்கும் குழாய்.

அந்தக் காகிதக் குழாயைக் கண்டு சிரிக்க வேண்டாம். 1816ஆம் ஆண்டில் பாரிசு மருத்துவர் லயென்னெக் முதன்முதல் பயன்படுத்திய ஸ்டெதாஸ்கோப்பும் காகிதச் சுருளே. இளம் பெண்ணொருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, சில தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை அவள் நெஞ்சிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். இதயத் துடிப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது. மரக்கட்டையின் ஒரு முனையைச் சிறுவர் கீற, மறுமுனையில் காது வைத்துக் கேட்டு விளையாடியதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

இனி, அந்த மூலையில் நடப்பதைப் பாருங்கள். ஒரு சிறுமி டோக்கன் கொடுக்கிறாள். ஐந்துக்குப் பின் ஏழைக் கொடுத்தால் வரிசையில் நிற்பவன் விடமாட்டான்; ஆறு எங்கே என்று கேட்பான். டாக்டர் மருந்துச் சீட்டில் கோணல் மாணலாகக் கிறுக்குகிறார். கம்பவுண்டர் அதை வாங்கி, “காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு” என்று ‘படிக்கிறான்’. தாளில் இட்ட கோட்டுக்குப் பொருள் உண்டு, ஒருவர் இட்டதை மற்றொருவர் படிக்கலாம் என்பதன்றோ எழுத்தின் முதற்பாடம்?

மொழியைச் சொல்ல மறந்தேன். டாக்டர் நாற்காலியில் அமர்ந்ததும் தமிழ்க் குழந்தை தானாகவே, “கிதர் துக்தா ஹை?” என்று இந்தியில் கேட்கிறது. அதற்குத் தெரிந்த டாக்டர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். நோயாளியான குழந்தை, “வயித்துல” என்று தமிழில் முனகுகிறது. நடுவே ஒரு குழந்தை புகுந்து, ‘அம்மாவுக்கு’ டாக்டர் சொல்வதை விளக்குகிறது. இது விளையாட்டு மட்டும் அன்று. நம் குடும்பங்களில் புதிதாக ஊரிலிருந்து வந்த தாய்மார் எத்தனை பேர், மருத்துவரிடம் செல்லும்போது ஆறு வயது மகனையோ மகளையோ வாயாகவும் காதாகவும் கொண்டு செல்கிறார்கள்! அந்தக் குழந்தைக்கு விலா எது, அடிவயிறு எது, நேற்றிலிருந்தா ஒரு வாரமாகவா என்று இரண்டு மொழியிலும் சொல்லத் தெரிந்திருப்பது சிறிய காரியமா? நெஞ்செரிச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாவிட்டால் மருந்தே மாறிவிடுமே! ஆதலால் நோயாளி தமிழில் சொல்வதை நான் தடுப்பதில்லை. டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்பதையும் தடுப்பதில்லை. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டக் குழந்தை தானே கற்கிறது.

விளையாட்டைத் தடுக்கக் கூடாது என்பதால் விதியே வேண்டாம் என்பதில்லை. எங்கள் மருத்துவமனையில் சில விதிகள் உண்டு. டாக்டர் தொடுமுன் ‘தொடட்டுமா?’ என்று கேட்க வேண்டும். நோயாளி ‘வேண்டாம்’ என்றால் தொடக் கூடாது. உடையை விலக்கக் கூடாது. சட்டைக்கு மேலேயே பார்க்க வேண்டும். விளையாட்டு எல்லோரும் காணும் இடத்திலேயே நடக்கும். வாயில் எதையும் போடக் கூடாது. மெய்யான மாத்திரை ஒன்றுகூட அறைக்குள் வராது. மாத்திரை மிட்டாய் அன்று என்பதை அடிக்கடி நினைவூட்டுவோம். ‘தொடட்டுமா?’ என்று கேட்கவும், ‘வேண்டாம்’ என்று சொல்லவும் கற்ற குழந்தைக்கு, அந்த இரு சொற்களும் வாழ்நாள் முழுவதும் காவலாக நிற்கும்.

மற்றொரு விதியும் உண்டு: எல்லோரும் முறைவைத்து டாக்டராக வேண்டும். “நீ பெண், நீ நர்சுதான்” என்று ஒரு பையன் சொன்னால், நான் கதை சொல்லத் தொடங்குவேன். இம்மராத்திய நாட்டில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி கடல் கடந்து சென்று 1886இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, இருபத்திரண்டு வயது நிறைவதற்கு முன்னர் மறைந்தார். நம் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். கதை முடிவதற்குள் சிறுமியர் இருவர் காகிதக் குழாய்க்குப் போட்டியிடுவர்.

ஆசிரியையின் பணி என்ன? இடமும் பொருளும் தருவது. ஒரே மூச்சில் அரைமணி நேரமாவது தருவது. பிறகு பேசாமல் இருப்பது. இம்மூன்றிலும் கடினமானது மூன்றாவதே. அதில் நான் மீண்டும் ஒருமுறை தவறினேன். அந்நிகழ்ச்சியைச் சொல்லவே இத்தனையும் சொன்னேன்.

பெருந்தொற்றால் நெடுநாள் மூடிக் கிடந்த எங்கள் அறை 2022இன் தொடக்கத்தில் திறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சேர்ந்தாள். அவள் தந்தையார் விடியற்காலையில் மிதிவண்டியில் இட்டலி கொண்டுசென்று விற்பவர். குழந்தை கலகலப்பானவள், பாட்டில் முதல்வி. 2023 சனவரியில் அவள் வாடத் தொடங்கினாள். நாள்தோறும் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். மருத்துவரிடம் காட்டினார்கள், நோய் ஒன்றும் இல்லை என்றார். அதே நாட்களில்தான் அவள் தந்தையார் கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல ரயில் சீட்டு எடுத்திருந்தார். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒரு நாள் அவள் டாக்டர் முறை வந்தது. நோயாளி ஒரு துடுக்குப் பையன். குழாயை அவன் வயிற்றில் வைத்துக் கேட்டாள், முகம் இறுகியது. பின்னால் திரும்பி, “இவருக்கு ரொம்ப முடியல. ஊருக்கு அனுப்பிடுங்க” என்றாள்.

நான் அருகில் நின்றிருந்தேன். “ஊருக்கு இல்லை, கண்ணு. ‘ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்’ என்று சொல்ல வேண்டும்” என்று திருத்தினேன். அவள் குழாயைக் கீழே வைத்தாள். சன்னலருகே போய் நின்றுகொண்டாள். அடுத்த இரண்டு நாள் அந்த மூலைக்கே வரவில்லை. ஒரு சொல்லைத் திருத்தினேன் என்றிருந்த எனக்கு, சிற்றிலை மறுபடியும் சிதைத்துவிட்டேன் என்பது மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது.

மூன்றாம் நாள் அவளாகவே வந்தாள். அதே பையன் படுத்திருந்தான். “சீக்கிரம் வண்டியைக் கூப்பிடு. இவர் ஊருக்குப் போகணும்” என்றாள். ஊர் என்றதும் பையனுக்குக் குதூகலம். கண்ணைத் திறந்து, “எனக்கு சன்னல் சீட்டு வேணும்!” என்றான்.

“அந்த வண்டியில சன்னல் கிடையாது” என்றாள் அவள்.

எனக்கு உடல் சிலிர்த்தது. இம்முறை திருத்தவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நோயாளியின் உறவினளாகப் பாயின் ஓரத்தில் அமர்ந்தேன். “டாக்டரம்மா, ஊருக்குப் போனவர் எப்போது திரும்புவார்?” என்று கேட்டேன்.

“வர மாட்டாங்க.”

“போனிலாவது பேசலாமா?”

சற்று எண்ணிப் பார்த்தாள். “ஊர்ல இருந்து ஆச்சி பேசும். இங்கே இருந்து போனவங்க பேச மாட்டாங்க” என்றாள். பிறகு அடுத்த டோக்கனை அழைத்தாள்.

அன்று மாலை அவள் தாயாரிடம், விளக்கம் எதுவும் சேர்க்காமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் சொன்னேன். அவர் வாயிற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். 2021 ஏப்ரலில், இரண்டாம் அலையின்போது, அவருடைய மாமனாரை இரவு நேரத்தில் ஆம்புலன்சு வந்து அழைத்துச் சென்றது. அக்காலத்துக் கட்டுப்பாட்டினால் வீட்டார் எவரும் உடன் செல்ல முடியவில்லை. ஆறாம் நாள் செய்தி வந்தது. உடல் வீட்டுக்கு வரவில்லை. “பிள்ளை தாத்தா எங்கே, தாத்தா எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, டீச்சர். தாத்தா ஊருக்குப் போயிருக்காவன்னு சொல்லிட்டோம். பெறவு அவ கேக்கல. மறந்துட்டான்னு நெனச்சோம்” என்றார்.

அன்பர்களே! ‘ஊர்’ என்பது நம் வீடுகளில் எத்தகைய சொல்! ஆண்டு முழுவதும் நாம் உழைப்பது அதற்காக. பெட்டி கட்டுவது அதற்காக. குழந்தைக்கு நாம் சொல்லும் கதைகளில் பாதி அதைப் பற்றியவை. ஒரு குழந்தைக்கு அந்தச் சொல்லே, போனவர் திரும்பாத இடத்துக்குப் பெயராகிவிட்டது. இப்போது அப்பா அம்மா தம்பி தான் என்று நால்வருக்கும் அங்கே செல்லச் சீட்டு எடுத்தாயிற்று! வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. பிள்ளையைக் காக்கவே அப்படிச் சொன்னார்கள். அவர்களிடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

நான் மருத்துவரும் அல்லேன். உளநூல் வல்லுநரும் அல்லேன். மெய்யைச் சொல்வது நல்லது என்று எனக்குப் பட்டதை மட்டும் சொன்னேன். கணவனும் மனைவியும் இரண்டு இரவு பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எளிய சொற்களால் சொன்னார்கள்: தாத்தாவுக்குக் கடுமையான நோய் வந்தது, இறந்துவிட்டார், இறந்தவர் திரும்ப வருவதில்லை, ஊர் வேறு, ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள். குழந்தை அழுதாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: “டாக்டர் தாத்தாகிட்ட எங்கே வலிக்குதுன்னு கேட்டாங்களா?”

“அதுக்கு எனக்குப் பதில் தெரியலை, டீச்சர்” என்றார் அவள் தந்தையார் என்னிடம்.

அதன் பின்னர் விளையாட்டு மாறியது. அவள் டாக்டரானால், முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்பாள். நோயாளியைப் பாயில் கிடத்திய பின், எழுந்து கதவு வரை நடந்து வருவாள். கதவுக்கு வெளியே உறவினர் நிற்க வேண்டும் என்பது அவள் விதி. பெரும்பாலும் உறவினர் நான்தான். “இப்போ தூங்குறாங்க. கஞ்சி குடிச்சாங்க. உங்களைக் கேட்டாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். இரண்டு வாரம் போல இது நடந்தது. நான் ஒருநாளும் சிரிக்கவில்லை, ஒருநாளும் திருத்தவில்லை. கைகட்டி நின்று, “சரிங்க டாக்டர்” என்று கேட்டுக்கொண்டேன். பின்பு ஒரு நாள் அவளுக்கு அது சலித்தது. ரயில் விளையாட்டுக்குப் போய்விட்டாள். வயிற்றுவலி ஒரேயடியாக நின்றது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. மே மாதத்தில் குடும்பத்தார் அனைவரும் ஊருக்குச் சென்றனர்.

ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த வாரத்தில், அவள் தாயோடு எங்கள் வாயிலில் வந்து நின்றாள். வேறு பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ஆச்சி முடைந்து கொடுத்த சிறிய பனையோலைப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். உள்ளே கருப்பட்டி இருந்தது. கருப்பட்டியை அன்றே குழந்தைகளுக்குப் பகிர்ந்தேன். பெட்டி இன்றும் எங்கள் மருத்துவமனையில் கட்டுத்துணி வைக்கப் பயன்படுகிறது.

இதைப் படித்துவிட்டு, குழந்தை விளையாடும்போதெல்லாம் உள்ளே என்ன துயரம் மறைந்திருக்கிறது என்று துருவத் தொடங்க வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை, விளையாட்டு வெறும் விளையாட்டே, மகிழ்ச்சியே. அந்த ஒருமுறை எப்போது வரும் என்பது நமக்குத் தெரியாது. ஆதலால் நூறுமுறையும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மண்டபத்து வாயிலில் கேட்ட அன்னையாருக்கு இப்போது மறுமொழி சொல்கிறேன். அம்மா, உங்கள் மகன் எழுத்துப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். சென்ற வாரம் மருந்துச் சீட்டில் கிறுக்கல்களுக்கு நடுவே ‘ம’ என்னும் எழுத்தைப் போன்ற ஒன்றை வரைந்து, “மருந்துக்கு ம” என்று எனக்குப் படித்துக் காட்டினான். சற்றுத் தலைகீழாக இருந்தது. போகப் போக நேராகும்.

இன்று மாலை அவன் உங்களுக்கு ஊசி போட வந்தால், கைவேலையைச் சற்றே வைத்துவிட்டுக் கையை நீட்டுங்கள். “எங்கே வலிக்கிறது?” என்று கேட்பான். “எங்கும் வலிக்கவில்லை, போடா” என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, நாலு வீடு சென்று உழைத்துத் திரும்பிய உடம்பில் வலிக்கும் இடம் ஒன்று இல்லாமலா போகும்? அதை அவனிடம் சொல்லுங்கள்.